குதிகால் மேல் ஒரு சிட்டிகை மண்

அன்செல்மோ பெர்தோமோவின் வலது கையை முதன்முறை பிடித்துக் குலுக்குகிறவர்கள் கொஞ்சம் பயந்துதான் போவார்கள். ஐந்து விரலும் ஐந்து திசையில் இருக்கும். சுண்டுவிரல் வெளியே பார்க்கும், மோதிர விரல் பாதியில் திரும்பிக்கொள்ளும், கட்டைவிரலில் நகம் இருந்த இடத்தில் தழும்புதான் இருக்கிறது. இருபத்தாறு வருஷம் மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பந்து பிடித்த கை அது. பேஸ்பாலில் கேட்சர் பிழைப்பு அப்படி. பிட்சர் எறியும் பந்தை மட்டை தவறவிட்டால் இவன் பிடிக்க வேண்டும். மட்டை உரசித் திருப்பி விட்டால் இவன் உடம்பில் வாங்கிக்கொள்ள வேண்டும். கைதட்டல் எறிந்தவனுக்கும் அடித்தவனுக்கும், அடி மட்டும் இவனுக்கு. எங்கள் ஊரான சான் பெத்ரோவில் பிறக்கிற பையன்களில் பாதிப் பேர் ஆட்டக்காரனாகும் கனவோடுதான் வளர்கிறார்கள். ஆனால் நான் கேட்சர்தான் ஆவேன் என்று அடம்பிடித்த பிள்ளை எந்த வீட்டிலும் கிடையாது. குண்டாக இருப்பவனையோ வாய் ஓயாதவனையோ பிடித்து அங்கே உட்கார வைப்பார்கள். அன்செல்மோ குண்டில்லை.

வாய் என்றால் ஊர்ப்பட்ட வாய். பந்து வந்து சேர்வதற்குள் மட்டைக்காரனின் கவனத்தைக் கலைப்பதும் கேட்சரின் வேலைதான். “மச்சான், மூணாவது வரிசையில உன் வீட்டுக்காரி உக்காந்திருக்கா. பக்கத்துல இருக்கிறது யாரு, உன் சித்தப்பாவா?” என்பான். “வாயக் கழுவுடா ஒன்பது!” என்று மட்டைக்காரன் பல்லைக் கடிக்கும்போதே பந்து கையுறைக்குள் வந்து விழுந்திருக்கும். “பாத்தியா, சித்தப்பாவத் தேடிக்கிட்டே பந்தக் கோட்ட விட்டுட்ட” என்பான். பேச்சுக்கு மசியாத ஆளாக இருந்தால் கீழே இருந்து ஒரு சிட்டிகை மண்ணை அள்ளி அவன் காலணி மேல் வீசுவான். எல்லாக் கேட்சரும் செய்கிற குசும்புதான் அது. அம்பயர் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றுகொள்வார்.

‘ஒன்பது’ என்கிற பட்டப்பெயருக்கு ஒரு கதை உண்டு. பதினேழு வயதில் அமெரிக்காவுக்குக் கூட்டிப்போனார்கள். எட்டு வருஷம் சின்னச் சின்ன ஊர் அணிகளில், குளிரில் விறைத்த விரல்களோடு ஆடினான். அங்கே ஒரு வாத்தியாரம்மா வீட்டில் வாடகைக்கு இருந்து அவர்கள் மொழியை எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டான். கடைசியில் பெரிய அணியில் ஒருவனுக்கு முழங்கால் போனது, இவனை அழைத்தார்கள். பதினொரு நாள் அங்கே இருந்தான். அதில் பத்து நாள் ஓரமாக உட்கார்ந்திருந்தான். ஒருநாள் மட்டும், ஆட்டம் தோற்றுவிட்டது என்று உறுதியான பிறகு, கடைசிச் சுற்றில் இறக்கிவிட்டார்கள். ஒன்பது பந்து பிடித்தான். அந்த முழங்கால்காரன் திரும்பி வந்தான், இவன் ஊர் திரும்பினான். எத்தனை வருஷ உழைப்பு, ஒன்பது பந்து! எங்கள் ஊருக்கு இரக்கம் எல்லாம் கிடையாது, அதையே பெயராக வைத்துவிட்டது. கூப்பிட்டால் அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். வீட்டில் அவன் மனைவி துல்சினாவுக்குத்தான் தெரியும், அந்தச் சிரிப்பு எங்கே போய் முடியும் என்று.

அவனுக்கு மிச்சம் இருந்த ஒரே ஆசை தம்பி நேரிஸ். எட்டு வயது இளையவன், தாயில்லாப் பிள்ளை. அண்ணன் அமெரிக்காவிலிருந்து வருஷம் தவறாமல் முள் வைத்த காலணி அனுப்புவான், தம்பி கால் வளர்கிற கணக்கை அவனை வளர்த்த அத்தை கடிதத்தில் எழுதுவாள். “எனக்கு ஒன்பது பந்துதான் விதிச்சிருக்கு. அவன் ஒன்பது வருஷம் அங்க ஆடுவான், பாத்துக்கோ” என்று துல்சினாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பான்.

அந்த மண் விஷயம் இவர்களுக்குள் சின்ன வயதிலேயே தொடங்கியது. கரும்பு ஆலைக் குடியிருப்பில் விளக்குமாற்றுக் கட்டைதான் மட்டை, துணி சுற்றிய உருண்டைதான் பந்து. நேரிஸுக்கு ஆறு ஏழு வயது. பந்து படாது, உட்கார்ந்து அழுவான். பின்னால் குந்தியிருக்கும் அண்ணனுக்கோ என்ன பந்து வரும் என்று முன்கூட்டியே தெரியும், எறிபவனுக்கு விரல் காட்டி இன்ன பந்து போடு என்று கேட்பவனே அவன்தானே! ஒருநாள் அழுகை பொறுக்காமல் காதில் சொன்னான்: “டேய், குதிகால்ல மண்ணு விழுந்தா நேர்ப்பந்து, உன்ன விட்டு விலகி வெளிப்பக்கமா வரும். பயப்படாம உள்ள ஏறி அடி. விழலைன்னா சும்மா நில்லு.” அன்றைக்கு நேரிஸ் அடித்த அடியில் பந்து ஆலைக் கூரை மேல் போய் விழுந்தது. ‘பிறவி ஆட்டக்காரன்டா இவன்’ என்று குடியிருப்பே வாய் பிளந்தது. அண்ணனும் தம்பியும் மூச்சு விடவில்லை.

பெரியவர்களான பிறகு அது நின்றுவிட்டது. குளிர்கால ஆட்டங்களில் அன்செல்மோ எங்கள் துறைமுக அணியில் இருந்தான், நேரிஸ் தலைநகர் அணியில். ஆறு வருஷம் எதிரெதிராக ஆடினார்கள். எதிராளிக்கு என்ன பந்து வரும் என்று சொல்லிக்கொடுக்கிற கேட்சரை அதற்கப்புறம் எந்த மைதானத்திலும் சேர்க்க மாட்டார்கள், அவன் நிழலைக்கூட ஒதுக்கிவிடுவார்கள். அதனால் தம்பி மட்டையோடு வந்து நின்றால் அன்செல்மோ வாயும் பேசாது, கையும் மண்ணைத் தொடாது.

எழுபத்து நாலு டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆட்டத்துக்கு முன்னால் வழக்கம்போல நேரிஸ் அண்ணன் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். துல்சினா வாழைக்காய் மசியலும் பொரித்த சலாமி இறைச்சியும் வைத்தாள். நேரிஸ் பாதியில் தட்டைத் தள்ளிவிட்டான்.

“என்னடா, உப்புக் கம்மியா?” என்றாள் துல்சினா.

“இல்ல அண்ணி. அந்த அமெரிக்காக்காரர் இன்னிக்கு வர்றாராம். ஆள் எடுக்கிறவர். நாளைக்குக் காலையில விமானம் ஏறிடுவாரு.”

இளசாக இருந்தால்தான் எடுப்பார்கள். அவன் வயது காகிதத்தில் இருபத்திரண்டு, உண்மையில் இருபத்தாறு. அடுத்த வருஷம் அந்தக் காகிதத்தை யாரும் நம்பப் போவதில்லை. மூன்று பேருக்கும் அது தெரியும்.

நேரிஸ் சிரித்தபடி அண்ணனைப் பார்த்தான். “என்னண்ணே, இன்னிக்குக் கொஞ்சம் மண்ணு கிடைக்குமா?”

“வெக்கமாயில்ல உனக்கு? திங்கிற சோத்து முன்னால உக்காந்துக்கிட்டுக் கேக்கிற பேச்சா இது?”

“சும்மா கேட்டேன்ண்ணே.”

“சும்மாகூடக் கேக்காத. எழுந்திரு, கையக் கழுவு.”

துல்சினாவுக்கு என்ன மண், ஏது மண் என்று புரியவில்லை. அண்ணன் தம்பி சண்டையில் மூக்கை நுழைப்பானேன் என்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அன்று எங்கள் அணிக்குப் பந்து எறிந்தவன் டுவையர் என்கிற அமெரிக்கப் பையன். வயது இருபத்தொன்று, முகமெல்லாம் பரு, கையில் இடி. எங்கள் ஊர் மொழியில் அவனுக்கு ‘காப்பி’ என்ற வார்த்தையும் ஒரு கெட்ட வார்த்தையும்தான் தெரியும். மற்றதெல்லாம் அன்செல்மோதான் பேச வேண்டும். அன்செல்மோ விரல் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு எறிவான், அப்படி ஒரு நம்பிக்கை. நேரிஸ் மூன்று முறை மட்டையோடு வந்தான், மூன்று முறையும் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு முறை அண்ணன் கேட்ட வளைபந்தில்தான் ஏமாந்தான். நாலாவது முறை வரும்போது கடைசிச் சுற்று. எங்கள் அணி எட்டு, அவர்கள் ஒன்று. ஆட்டம் செத்துவிட்டது, ஜனம் எழுந்து போகத் தொடங்கிவிட்டது. தூறலும் பிடித்துக்கொண்டது.

முகக்கவசக் கம்பி வழியே அன்செல்மோ மேலே பார்வையாளர் வரிசையைப் பார்த்தான். அந்த அமெரிக்காக்காரர் நோட்டுப் புத்தகத்தை மூடிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு எழுந்து நின்றார். அந்த ஒரு கணம்தான். பதினேழு வயதில் தன்னைக் கூட்டிப்போனதும், பதினொரு நாளும், ஒன்பது பந்தும் எல்லாமாகச் சேர்ந்து அவன் நினைவுக்கு வந்தன. தம்பியும் இப்படியே இங்கேயே கிடந்து வாடப் போகிறானே என்று நினைத்தான். ஒரே ஒரு பந்து, ஆட்டமும் கெடாது, யாருக்கும் நட்டமில்லை. ஒரு விரலைக் காட்டினான்: நேர்ப்பந்து, வெளிப்பக்கம். டுவையர் தலையாட்டினான். அன்செல்மோ குனிந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்துத் தம்பியின் குதிகால் மேல் போட்டான்.

நேரிஸின் வலது கால் அரை அடி முன்னே நகர்ந்தது. அதை அன்செல்மோ பார்த்தான். கேட்சர் மட்டைக்காரனின் முகத்தைப் பார்ப்பதில்லை, காலைத்தான் பார்ப்பான்.

தூறல் விழுந்தால் அம்பயரிடம் கைநீட்டிக் காய்ந்த பந்து வாங்கி எறிபவனுக்குக் கொடுக்க வேண்டும். அது கேட்சரின் வேலை. எத்தனையோ மழையில் ஒருமுறைகூட அன்செல்மோ அதை மறந்ததில்லை. அன்றைக்கு மறந்தான். டுவையர் பந்தைக் கால்சட்டையில் துடைப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மறந்தான். அவன் மனம் முழுக்கத் தம்பியின் காலில் இருந்தது.

பந்து கையை விட்டு வழுக்கியது. வெளிப்பக்கம் போக வேண்டியது உள்ளே வந்தது, தலை உயரத்துக்கு. வேறு எவனாக இருந்தாலும் பின்னால் சாய்ந்து மண்ணில் விழுந்து தப்பித்திருப்பான். வெளியே வரப்போகிறது என்று தெரிந்த ஒருவன்தான் அதற்குள் பாய முடியும். நேரிஸ் பாய்ந்தான். இடது கண்ணுக்குக் கீழே பட்டது. பச்சைத் தேங்காயைக் கல்லில் அடித்த சத்தம்.

ஐயோ, அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவா வேண்டும்! “வேணும்னே எறிஞ்சான்டா, விடாதீங்க அவன!” என்று கத்திக்கொண்டு பாட்டிலும் ஆரஞ்சுமாக வீசினார்கள். எங்கள் அணிக்காரனையே எங்கள் ஜனம் அடிக்கப் பாய்ந்தது. டுவையர் நடுவில் மண்டி போட்டு அழுதுகொண்டே ஏதோ சொன்னான். “என்னடா சொல்றான் அவன்?” என்று மேலாளர் அன்செல்மோவை உலுக்கினார். தம்பியின் தலை அன்செல்மோவின் மடியில் இருந்தது, கையுறையெல்லாம் ரத்தம். “கை வழுக்கிடுச்சாம்” என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இடது கண் போய்விட்டது. மூன்றாம் நாள் ஆட்டச் சங்கத்திலிருந்து விசாரிக்க இரண்டு பேர் மருத்துவமனைக்கு வந்தார்கள். “ஏம்ப்பா அப்படி உள்ள ஏறுன? சின்னப் பையன்கூடப் பின்னால சாஞ்சிருப்பானே?” என்று கேட்டார்கள். அன்செல்மோ கட்டிலின் இடதுபக்கம் நின்றான், கட்டுப்போட்ட பக்கம். நேரிஸ் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. “வளைபந்து, வெளிய வளைஞ்சு போயிடும்னு நெனச்சேன். என் தப்புத்தான்” என்றான். எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அன்செல்மோவின் பிழைப்பு தப்பித்தது. அதற்குப் பிறகும் ஒன்பது வருஷம் ஆடினான். ஆனால் மட்டைக்காரர்களோடு பேசுவதை நிறுத்திவிட்டான். ஒன்பதுக்கு வயசாயிடுச்சு, வாய் செத்துப்போச்சு என்று ஊர் சொன்னது. மண்ணை அவன் அள்ளவே இல்லை என்பதை ஊர் கவனிக்கவில்லை.

நேரிஸுக்கு ஆலையில் கரும்பு வண்டி எடை போடுகிற வேலை கிடைத்தது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. காப்பி ஊற்றினால் மேசையில் ஊற்றுவான். பிறகு பாத்திரத்தின் மூக்கைக் கோப்பை விளிம்பில் தொட்டுப் பார்த்து ஊற்றப் பழகிக்கொண்டான். ஒருநாள் யாரோ விளையாட்டாக ஒரு ஆரஞ்சுப் பழத்தை அவன் பக்கம் வீசினார்கள். இரண்டு கையையும் நீட்டினான். பழம் கைகளுக்கு நடுவே வந்து மார்பில் பட்டு விழுந்தது. “சே, கெட்ட எறி” என்று சிரித்தான். அன்செல்மோ எழுந்து வெளியே போய்விட்டான்.

இதைவிடப் பெரிய தண்டனை டிசம்பர் தோறும் தபாலில் வந்தது. டுவையரால் அதற்குப் பிறகு ஒழுங்காக எறிய முடியவில்லை. மட்டைக்காரன் நின்றாலே பந்தை எங்கோ தள்ளி எறிவான். இரண்டே வருஷத்தில் ஆட்டத்தை விட்டுவிட்டுப் பால்வண்டி ஓட்டப் போனான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நேரிஸுக்கு ஒரு கடிதம் எழுதுவான். அந்த மொழி படிக்கத் தெரிந்தவன் வீட்டில் ஒருத்தன்தான்.

“என்னண்ணே எழுதியிருக்கான்?”

“மன்னிச்சிடுன்னு எழுதியிருக்கான்டா.”

“மறுபடியுமா? பைத்தியக்காரன். உன் மேல தப்பில்லன்னு எழுதுண்ணே. கொஞ்சம் நல்லா எழுது, அவனுக்கு உறைக்கிற மாதிரி.”

அன்செல்மோ எழுதுவான். அந்தக் கோணல் விரல்களால் பேனாவைப் பிடித்து, உன் மேல் தப்பில்லை என்று எழுதுவான். யார் மேல் என்று எழுத மாட்டான். இப்படி ஒன்றல்ல இரண்டல்ல, இருபத்திரண்டு டிசம்பர். மனிதன் எப்படித்தான் தாங்கினானோ.

தொண்ணூற்றாறில் நேரிஸுக்குச் சர்க்கரை முற்றிச் சிறுநீரகம் கெட்டது. கால் வீங்கிப் படுத்துவிட்டான். ஒரு மத்தியான வேளை, துல்சினா கஞ்சி ஆற்றிக்கொண்டிருக்க, அன்செல்மோ கட்டிலின் வலதுபக்கம் போய் உட்கார்ந்தான். இனியும் கேட்காவிட்டால் எப்போது கேட்பது?

“டேய், அன்னிக்குக் குதிகால்ல மண்ணு விழுந்துச்சே, உனக்குத் தெரிஞ்சுதா?”

நேரிஸ் முகத்தைக் கூரைப் பக்கம் திருப்பிக்கொண்டான். “எந்த மண்ணு?”

“நடிக்காதடா.”

“நீ ஊர்ல இருக்கிறவன் காலுக்கெல்லாம் மண்ணு போட்டவன். எனக்கு எங்க தெரியும்? கெட்டித் தோலு அந்தக் காலணி, நீ வாங்கிக் குடுத்ததுதானே.” மூச்சு வாங்கியது. பிறகு அண்ணனின் கோணல் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டான். “கேட்சர் புத்தி உனக்குச் சாகற வரைக்கும் போகாதுண்ணே. எல்லாப் பந்தும் உன் கைக்கே வரணும். அது உன் கைக்கு வந்த பந்து இல்ல. விட்டுடு.”

பொய். அந்தக் கால் அரை அடி நகர்ந்ததைப் பார்த்தவன் அன்செல்மோ. இவ்வளவு வருஷம் பொத்திப் பொத்தி வைத்து, சாகப் போகிறவன் தன்னை விடுவிக்கச் சொல்லும் பொய். அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்துவிடலாம்தான். அவனால் முடியவில்லை. தம்பியின் கையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். கஞ்சிக் கிண்ணத்தோடு நின்ற துல்சினாவுக்கு, இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய அந்தச் சாப்பாட்டுப் பேச்சு அப்போதுதான் விளங்கியது.

ஆலைக் கல்லறைத் தோட்டத்தில் நேரிஸைப் புதைத்தார்கள். ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். அன்செல்மோவின் முறை வந்தது. எல்லாரும் காத்திருந்தார்கள், அவன் குனியவில்லை.

“போடுப்பா, மூத்தவன் நீதானே” என்றார் பாதிரியார்.

“நான் போட வேண்டியத எழுபத்து நாலுலயே போட்டுட்டேன் சாமி” என்றான். துக்கத்தில் பிதற்றுகிறான் என்று நினைத்தார்கள். துல்சினா அவன் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள்.

நேரிஸ் செத்த சேதியை டுவையருக்கு யாரும் எழுதவில்லை. டிசம்பரில் கடிதம் வழக்கம்போல வந்தது, நேரிஸ் பெயருக்கு. அன்செல்மோ மேசையில் உட்கார்ந்து அதைத் துல்சினாவுக்கு உரக்கப் படித்தான். பேத்தி பிறந்திருக்கிறாள், இடுப்பு வலி, பனி அதிகம். கடைசியில் அதே வரி: அந்தப் பந்தை நினைக்காமல் ஒருநாளும் தூங்கியதில்லை, முடிந்தால் மன்னித்துவிடு.

“என்ன எழுதப் போற?” என்றாள் துல்சினா.

அவன் காகிதத்தை எடுத்தான். ஒரு பக்கம் எழுத அரை நாள் ஆனது. தம்பி போய்விட்டான் என்று எழுதினான். குதிகால், மண், தான் கேட்டு வாங்காத காய்ந்த பந்து, எல்லாவற்றையும் எழுதினான். உன் கையில் வழுக்கியது ஈரப்பந்து, என் தம்பியை அதன் முன்னால் தள்ளியது நான், இருபத்திரண்டு வருஷம் அவன் சொன்னதை எழுதினேன், இது நான் சொல்வது என்று முடித்தான்.

துல்சினாவுக்குப் படித்துக் காட்டினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இதப் படிச்சப்புறம் அவன் உனக்கு எழுத மாட்டான்யா.”

“எழுத வேணாம். தூங்கட்டும்.”

பதில் வரவில்லை. அடுத்த டிசம்பரில் அன்செல்மோ தினமும் குளித்து, சட்டை மாட்டி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தான். தபால்காரர் சைக்கிளிலேயே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போவார். கிறிஸ்துமஸ் முடிந்தது. ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளும் வந்தது. அன்று மத்தியானம் துல்சினா வந்து, “உள்ள வாய்யா, சாப்பாடு ஆறுது” என்றாள். அவன் நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.